அப்பா தூங்கப் போன அறை

அப்பா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம்.

அப்பா பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில். மழை பொய்த்த காலத்தில் ஐ.டி.ஐ. முடித்து, வேலை தேடி ஓசூருக்கு வந்தார்கள். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தார்கள். எங்கள் குடும்பம் ஒற்றை அறை வாடகை வீட்டில்தான் தொடங்கியது.

ஏழாம் வகுப்பில் என் மதிப்பெண்கள் சரிந்தன. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை, "சார், இவளுக்கு வாய்விட்டுப் படிச்சாதான் மனசுல நிக்கும். வீட்ல சத்தமா படிக்கிறாளா?" என்று கேட்டார். நைட் ஷிப்ட் வாரங்களில் அப்பா சாயங்காலம் தூங்கி எழுந்துதான் வேலைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் நான் உதட்டை மட்டும் அசைத்துப் படிப்பேன்.

"இன்னையிலேர்ந்து சத்தமாவே படி தாயி. மெஷின் சத்தத்துலயே நிக்கிறவனுக்கு உன் சத்தம் என்ன செஞ்சிரும்?" என்றார்கள் அப்பா, வீடு திரும்பியதும்.

படித்தேன். சில நாட்களில் அம்மா கலங்கிப்போனார்கள். "தூக்கத்துல நிலநடுக்கோடுன்னு அவ பாடத்தையே பேசுறீங்க. அரைத் தூக்கத்தோட பிரஸ்ல கைய விட்டா என்னாகும்?"

பக்கத்து மெஷின்காரர் விரலை இழந்திருந்த நேரம் அது.

"நான் மெதுவாவே படிச்சுக்கிறேன்ப்பா."

"அது வேணாம்" என்ற அப்பா, பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த தெருவில், உடன் வேலை பார்த்த கல்யாணமாகாத இளைஞர்கள் எடுத்திருந்த அறை, அவர்கள் செகண்ட் ஷிப்டுக்குப் போய்விடுவதால், மாலையில் காலியாகக் கிடக்கும். அன்றுமுதல் நைட் ஷிப்ட் வாரங்களில் அங்கேதான் அப்பாவின் தூக்கம்.

தெலுங்கு பேசும் வீட்டுக்காரம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் தமிழில் கேட்டேவிட்டார்: "ஏம்மா, சண்டையா? சாயங்காலம் ஆனா பாயோட போயிர்றாரே?"

"பொண்ணு படிக்கணும்னு போறாருக்கா."

அவர் நம்பவே இல்லை.

எட்டாம் வகுப்பில் நான்தான் முதல். உதவித்தொகைத் தேர்விலும் தேறினேன். அப்பா மைசூர்பாகு வாங்கி, சொந்தக்காரர் எவருக்கும் கொடுப்பதற்கு முன்னால் அந்த அறைக்குக் கொண்டுபோனார்கள். "உங்க ரூம்ல நான் தூங்குனேன், எம்பொண்ணு பாஸாயிட்டா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இன்று நான் கிருஷ்ணகிரியில் அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறேன்.

கடைசி ஆண்டுகள் நிறைவாகவே கழிந்தன. குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய், வாங்கும் எண்ணமே இல்லாமல் மாடுகளுக்கு விலை கேட்டுவிட்டு வருவார்கள். ஒரு காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர்கள் எழவில்லை.

செய்தி கேட்டதும் தெற்கிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்த உறவினர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் தம் வீட்டைத் திறந்துவிட்ட அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பா "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதே கிடையாது. "இலை போட்டாச்சு, உக்காருங்க" என்றுதான் சொல்வார்கள். இன்று அதை அம்மா சொல்வார்கள். தட்டாமல் உட்காருங்கள்.