சீந்தில் பட்டையும் செஞ்சேவலும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நானோ விருந்தாளியை விரட்ட மருந்து கொடுத்தவன். இரண்டுமே மூன்று நாளில் முடியவில்லை.

போன மழைக்காலத்தில் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி மலைமேல் வாழவந்தி நாட்டிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். காய்ச்சல் விட்டுவிட்டதாம், உடம்பு தேற வந்தானாம். தேறுகிறவன் கட்டிலை விட்டு இறங்க வேண்டாமா? டிவி ரிமோட் அவன் கையில், என் போர்வை அவன் மேல். "வாய்க்கு ஒண்ணுமே புடிக்கலீங்க மாமா" என்று மட்டும் வேளாவேளைக்குச் சொல்வான்.

அதைக் கேட்டுக் கேட்டு என் மனைவியின் கண் என் சேவல் மேல் விழுந்தது. "ஏனுங்க, அந்தச் சேவல அடிச்சுக் கொழம்பு வெச்சா, தம்பி நாலு வாய் நல்லாத் திம்பானுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குஞ்சாக இருந்தபோது கீரி வாயிலிருந்து அந்தச் செஞ்சேவலை மீட்டவன் நான். என் பைக் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நான் சாவி போட்டால்தான் இறங்கும். அதைக் குழம்பில் போடுவதா?

"காய்ச்ச உட்ட ஒடம்புக்குக் கோழி ஆகாது. மொதல்ல சீந்தில் கஷாயம்" என்றேன், பெரிய வைத்தியன் மாதிரி.

மிளகுத் தோட்டத்து ஓரத்தில் மரத்தைச் சுற்றிக் கிடந்த சீந்தில் கொடியில் நல்ல தடித்த துண்டாகப் பார்த்து வெட்டினேன். காகிதம் போல உரியும் மேல்தோலை நீக்கி, அடியிலிருக்கும் பச்சைப் பட்டையைச் சீவி, மிளகோடு தட்டிக் கொதிக்கவிட்டேன். பட்டை விஷயத்தில் என் கை கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. அதற்கு முன்னால் வேப்பங்கொழுந்தெல்லாம் வெல்லம். ஒரு டம்ளர் இறங்கினால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவான் என்பது என் கணக்கு.

குடித்தான். முகம் கோணிப்போய்க் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்குள்ளே ஒரே கொண்டாட்டம். வாயைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலம் பொழுதோடயும் கொஞ்சம் குடுங்க மாமா" என்றான், பாவி!

மறுநாள் இரண்டாவது களி உருண்டைக்குத் தட்டை நீட்டினான். அதற்கடுத்த நாள் மரவள்ளிக்கிழங்குச் சட்டி காலி. செத்துப்போன பசியைச் சீந்தில் எழுப்பிவிடும் என்பது மலையில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். கோபத்தில் மறந்துபோனேன்.

"உங்க வைத்தியத்துல பையனுக்கு நல்லாப் பசிக்குதுங்க. இனி கோழி ஆகுமில்லீங்க?" என்றாள் மனைவி. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் வாசலில் சிவப்பு இறகுகள் கிடந்தன.

"எனக்குச் சோறு வேண்டாம்!" என்று கத்தினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேவலுக்கு அழுகிற ஆம்பளை என்று மச்சினன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நேரே அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த கஷாயத்தை எடுத்து வந்து அவன் முன்னாலேயே மடமடவென்று குடித்தேன். கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமே.

சீந்தில் யாருக்கும் வஞ்சகம் செய்வதில்லை. சாயங்காலத்துக்குள் வயிறு கபகபவென்று எரிந்தது. வீடு முழுக்கச் சேவல் மிளகுக் குழம்பு வாசம். மனைவி தட்டில் சாமைச் சோற்றைப் போட்டு வைத்தாள். முதல் வாய் துக்கத்தோடுதான் இறங்கியது. பிறகு சோறு வாங்கினேன், மறுபடியும் வாங்கினேன், கடைசியில் குழம்புச் சட்டியையே என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"மாமா, எனக்குங் கொஞ்சம் வெய்யுங்க" என்று மச்சினன் கை நீட்டினான்.

"தள்ளு மாப்ள" என்றேன். "அது என் சேவல்."