ஆறு வாங்குகள்

இங்கு அகதிகளாக வந்த எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவது பற்றிய விவாதத்தைக் கேட்க இன்று கன்டோன் சபைக்கு, அதாவது இந்த மாநிலச் சட்டசபைக்கு, போயிருந்தேன். பத்தேகாலுக்கு உறுப்பினர்கள் இருக்கைகளில் அமர்ந்தார்கள். மரத்தரையில் மரம் இழுபட்ட சத்தம் பார்வையாளர் மாடம் வரை வந்தது.

அப்படி மரம் இழுபடும் சத்தத்தை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு உட்கார நீள மரப்பலகை வாங்குகள் ஆறு. எங்கள் சாதிப் பிள்ளைகள் ஐந்து பேரும் மண்தரையில் இருந்தோம். சாதி பார்த்து ஒதுக்குவது குற்றம் என்று கொழும்புப் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றிய செய்தி வந்ததும், என்னைப் பெற்ற அப்பு பேப்பரை நான்காக மடித்துக்கொண்டு தலைமை வாத்தியாரிடம் போனார்.

"சட்டம் வந்திட்டுது, வாத்தியார் ஐயா. பிள்ளையளை வாங்கில இருத்துங்கோ."

வாத்தியார் பேப்பரைத் தொடவில்லை. "சமமா இருக்க வேணுமோ? இருக்கலாமே!" ஆறு வாங்குகளையும் முற்றத்துக்கு இழுப்பித்தார். தூசு தொண்டையை அடைத்தது. "இப்ப எல்லாரும் நிலத்தில. போய்ச் சொல்லடா உன்ரை பாராளுமன்றத்துக்கு."

மறுநாள் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த நாள் நானும் கொண்டுபோனேன். வாத்தியார் அதைக் காலால் வெளியே தள்ளினார்.

"சட்டத்தில பாய் எண்டு எங்கையடி கிடக்கு?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கீழே சபையில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, எங்களை அனுப்பச் சட்டம் இடம் தருகிறது என்று புன்னகையுடன் தொடங்கினார். கொப்பியைத் திறந்து, அவருடைய பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன்.