மூணாவது லைன்

சுந்தரலிங்கத்தை ஏமாற்றியவன் அவரிடம் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருடைய பெரிய கஷ்டம்.

வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளில் மூன்றாம் லயத்தில் பிறந்தவர். பிலிமத்தலாவையில் ஒரு பேக்கரியில் பதினெட்டு வருடம் மாவு பிசைந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவியின் தம்பி ரவிகுமார் வந்து, பனி கொட்டும் ஒரு நாட்டின் பட்டாளத்துக்குச் சமையலாள் எடுக்கிறார்கள் என்றான். இலட்சக்கணக்கில் சிப்பாய்கள் உள்ள பட்டாளம். அதற்கும் ஆள் போதவில்லையாம்.

“சண்டை கிண்டை ஏதும்?”

“அட, முன்னால ரெண்டு லைன் நிக்கும் மச்சான். நீங்க மூணாவது லைன்.”

லைன் என்றால் தோட்டத்து ஆளுக்கு லயம்தான். லயம் என்றால் கூரை, அடுப்பு, அடுத்த வீட்டுக்காரியின் வசவு. அதிலும் மூன்றாவது என்றதும், பிறந்த இடத்துக்கே கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சுதேஷையும் கூட்டிக்கொண்டு போனார்.

சொன்னபடியே மூன்றாவது லைன்தான் கிடைத்தது. நான்கு மாதத்தில் முதல் லைன் முடிந்தது. மாசியில் இரண்டாவதும் முடிந்தது. சுந்தரலிங்கம் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை, முன்னுக்கு வந்துவிட்டார். வாழ்க்கையில் அவர் கண்ட ஒரே முன்னேற்றம் அது.

சுதேஷ் அங்கேயே பனிக்கடியில் கிடக்கிறான். சுந்தரலிங்கம் வலது கையில் மூன்று விரல்களோடு திரும்பினார். மாவு பிசைய ஐந்தும் வேண்டும். இப்போது அதே பேக்கரியில் பாணுக்குத் தாள் சுற்றுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, “வீட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க மச்சான்” என்றான் ரவிகுமார். போனால், தோட்டத்துப் பையன் யுகேஷ் கதிரையில் உட்கார்ந்திருக்கிறான். மேசையில் அவனுடைய பாஸ்போர்ட். அதன் பக்கத்தில், பிரேம் போட்டு, சீருடையில் சிரிக்கும் சுந்தரலிங்கம். விரல்கள் பத்தும் இருந்த காலத்துப் படம். ‘அக்கா பாக்கணும்னு அழுவுது, ஒண்ணு அனுப்புங்க’ என்று ரவிகுமார் கேட்டு வாங்கிய படம்.

“நீங்க இருந்தது மூணாவது லைன்தானே மச்சான்? அத மட்டும் இவன்கிட்ட சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல.”

சுந்தரலிங்கம் மூன்று விரல்களையும் பாஸ்போர்ட்டின் மேல் வைத்தார்.

“மூணாவதுதான் தம்பி. முன்னால நின்ன ரெண்டும் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் எது மொத லைன்னு நீயே எண்ணிக்க. போவாத. சுதேஷ் எங்கேன்னு இவன்கிட்டயே கேளு.”

ரவிகுமார் கோபப்படவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

யுகேஷ் கொஞ்சம் யோசித்தான். பிறகு, பெரியவர் கை என்ற மரியாதையோடு அந்த மூன்று விரல்களைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்து ரவிகுமாரிடம் நீட்டினான்.

“அது ஒங்க காலம்ணே. எனக்கு அவரு நாலாவது லைன் பேசி வச்சிருக்காரு.”