ஆர்விட் கைவைக்காத டிரிக்கர்

ஆர்விட் ஸ்டெனெருட்டை நாற்பது வருடமாக எனக்குப் பிடிக்காது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

இருவருக்கும் ஒரே தொழில், துப்பாக்கி பழுது பார்க்கும் வேலை. நான் மொன்டானாவில், லூயிஸ்டவுன் ஊர்க் கடைத்தெருவில் இருக்கிறேன். அவன் நாற்பது மைல் தள்ளி, மலையடிவாரத்தில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் இருக்கிறான். என் கடைக்கு விளக்குப் பலகை உண்டு. அவன் கொட்டகைக்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனாலும் டெக்சாஸிலிருந்து அவனிடம் ஆள் வருகிறது. என்னிடம் வருகிறவர்கள் மான் வேட்டை தொடங்குவதற்கு முதல் நாள் ஓடி வந்து, துப்பாக்கியில் தொலைநோக்கி மாட்டித் தரச் சொல்கிறவர்கள்.

ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டான். கொஞ்ச நேரம் நம்மையே பார்த்துவிட்டு, பிறகுதான் வாயைத் திறப்பான். அதை ஊரே ஞானம் என்கிறது. நான் அப்படி நின்றால் காது மந்தமா என்று கேட்கிறார்கள். கவுண்டி கண்காட்சியில் அவன் போட்ட காட்டுச் செர்ரி ஜாமுக்கு ஆறு வருடம் முதல் பரிசு நீல ரிப்பன் கிடைத்தது. ஒரு மனிதனுக்கு ஜாமும் எதற்கு?

அவன் மனைவி இங்க்ரிட் படுத்த படுக்கையானபோது பதினான்கு மாதம் கொட்டகையைப் பூட்டி வைத்தான். அங்கே கொடுத்திருந்த துப்பாக்கியை ஒருத்தராவது திருப்பி வாங்கி என்னிடம் கொண்டுவர வேண்டுமே! எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அடக்கத்துக்குப் போனபோது எனக்குத் துக்கம் இருந்தது, அதோடு இந்தக் கணக்கும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன மே மாதம் டெல்பா கோல்ஸ்டட் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். சமையலறைத் துண்டில் எதையோ சுற்றி வைத்திருந்தாள்.

"வெண்டல், இதைப் பழையபடி ஆக்கணும். நல்லா வேலை தெரிஞ்ச ஆளா ஒருத்தரைச் சொல்லுங்க."

"ஏன், நான் இருக்கேனே?"

"நீங்க இருக்கீங்க. நான் வேலை தெரிஞ்ச ஆளைக் கேட்டேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

துண்டைப் பிரித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கொள்ளுத்தாத்தாவின் பழைய ரிவால்வர், கோல்ட் கம்பெனி செய்தது. ஏழரை அங்குலம் இருந்திருக்க வேண்டிய குழல் ஐந்து அங்குலம்கூட இல்லை. உடம்பெல்லாம் பளபளவென்று நிக்கல் பூச்சு. அதற்கடியில் பழைய எழுத்துகள் கரைந்த சோப்பில் இருப்பதுபோல மழுங்கிக் கிடந்தன.

"எந்த மடையனோ வெட்டித் தொலைச்சிருக்கான். அப்பாகிட்ட அவர் சாகிற வரைக்கும் கேட்டுப் பாத்தேன். பேரைச் சொல்லவேயில்லை" என்றாள்.

மடையன் அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அது 1979. எனக்கு இருபத்து மூன்று வயது. அவள் அப்பா ஹார்லன் வந்து, "டிராக்டர்ல உக்காந்தா தொடையில குத்துதுப்பா, கொஞ்சம் வெட்டிக் குடு" என்றார். வேறு யாராவது என்றால் மாட்டேன் என்றிருப்பார்கள். எனக்கோ புதிதாக வாங்கிய கடைசல் இயந்திரத்தில் எதையாவது வெட்டிப் பார்க்கக் கை நமநமவென்றது. வெட்டினேன். அதோடு விட்டேனா? தேய்த்து மெருகேற்றி நிக்கலும் பூசினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ரிவால்வரின் டிரிக்கரோடு உட்கார்ந்திருந்தேன். சாணைக்கல்லில் ஒரு தேய்ப்பு, லென்ஸில் ஒரு பார்வை, மறுபடி ஒரு தேய்ப்பு. முடித்தபோது, கூரையில் தொங்கும் பனிக்குச்சியை விரலால் தட்டினால் முறியுமே, இழுத்ததும் டிரிக்கர் அவ்வளவு சுத்தமாக விடுபட்டது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று எனக்கு அமையவில்லை.

இதெல்லாம் டெல்பாவிடம் சொல்லவில்லை. அவள் ஒரு புகைப்படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். 1911, கொள்ளுத்தாத்தா புதுக் குடிசை முன்னால் நிற்கிறார், இடுப்பில் அந்த நீளக் குழல். ஆகஸ்டில் குடும்பம் மொத்தமும் பண்ணையில் கூடுகிறது. அன்றைக்குப் படத்துக்குப் பக்கத்தில் ரிவால்வரை வைக்க வேண்டும், படத்தில் இருக்கிறபடியே.

"ஆளை நான் தேடித் தரேன், கவலைப்படாதே" என்றேன். என்னால் முடியாது என்பது எனக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் செய்யட்டும். ஆர்விட் கைக்கு மட்டும் என் பழைய அலங்கோலம் போய்ச் சேரக்கூடாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பில்லிங்ஸில் ஒருவருக்குப் போன் போட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்கு. உனக்குப் பக்கத்துலயே ஆர்விட் இருக்கானே, என்கிட்ட எதுக்கு வர்றே?" என்றார். ஒரிகனில் இருக்கும் பெயர் பெற்ற ஆளைப் பிடித்தேன். அவர் தன் சொந்த ரிவால்வரையே ஆர்விட்டிடம் அனுப்பியிருக்கிறாராம். கடைசியாக மினசோட்டா. ஒரு அம்மாள் எடுத்தாள். "அவர் இப்ப வேலையை விட்டுட்டாருங்க. மொன்டானாவுல ஒருத்தர் பிரமாதமா செய்றாராம். பேரு என்னமோ ஸ்டெ… ஸ்டெ…"

"ஸ்டெனெருட்" என்று நானே முடித்துக் கொடுத்தேன்.

என் மனைவி ஜோலீன் உருளைக்கிழங்கு உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "மூணு ஊருக்குப் போன் போட்டு ஆர்விட் பேரைக் கேட்டுக்கிட்டியே, அதுக்கு ஆர்விட்டுக்கே போட்டிருக்கலாம்ல? பொறாமையில வேகறே வெண்டல். கருகுற வாடை எனக்கே அடிக்குது."

வேறு வழியில்லாமல் டெல்பாவை அழைத்துக்கொண்டு போனேன். சும்மா வழிகாட்டுவதற்கு என்று சொல்லிக்கொண்டேன். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது என்பதுதான் நிஜம்.

ஆர்விட் ரிவால்வரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். "வெட்டு கோணலா இல்லை. ஆனா வெட்டியிருக்கக் கூடாது." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். "தேய்ச்சு எழுத்தையெல்லாம் அழிச்சிருக்கான் பாரு. இதுக்கு அவன் கையை முறிக்கணும்."

"முறிக்கணும்தான்" என்றேன் நான், ஜன்னலுக்கு வெளியே அவன் கோழிகளைப் பார்த்துக்கொண்டு.

அதே காலத்து ஏழரை அங்குலக் குழல் ஒன்று அவன் சுவரில் பதினோரு வருடமாகத் தொங்குகிறதாம், சரியான துப்பாக்கிக்காக. அவனுக்கு எல்லாமே அப்படித்தான் அமையும். தன் முத்து முத்தான எழுத்தில் ஒரு சீட்டு எழுதி ரிவால்வரில் கட்டினான். அந்தக் கையெழுத்தைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் வாங்கப் போனோம். காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ரிவால்வரைக் கம்பளித் துணிமேல் வைத்தான். டெல்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படத்திலிருந்து எடுத்து வைத்ததுபோல இருந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு குறையாவது கிடைக்குமா என்று தேடினேன். குழல் சேருமிடம், திருகாணித் தலைகள், கையால் மறுபடி வெட்டிய எழுத்துகள், எதிலும் கிடைக்கவில்லை. ஒரு சின்னக் கீறலாவது இருந்திருந்தால் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டிருப்பேன்.

"வெண்டல், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான் ஆர்விட். "இந்த டிரிக்கரை இழுத்துப் பாரு."

இழுத்தேன். நாற்பத்தைந்து வருடம் கழித்தும் அதே பனிக்குச்சி.

"எல்லாத்தையும் மாத்தினேன். இதுல மட்டும் கை வைக்கலை. லென்ஸ் வெச்சு மூணு நாள் பாத்தேன், எப்படிப் பண்ணினான்னு புரியலை. இந்த மாதிரி ஒண்ணு என் கையால வரவேயில்லைப்பா." வழக்கம்போல நிறுத்தினான். இந்தத் தடவை அது ஞானமாகத் தெரியவில்லை. துணியால் லென்ஸைத் துடைத்தான். "வயித்தெரிச்சலா இருக்கு, மறைக்கிறதுக்கு என்ன. யாரு செஞ்சது? குழலை வெட்டின கழுதையா இருக்க முடியாது. டெல்பா, உங்கப்பா இன்னொரு ஆள்கிட்ட குடுத்தாரா?"

"தெரியாது ஆர்விட். அவர் ஒரு பேரும் சொல்லலை."

நாற்பது வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. அதை அவனே சொல்கிறான், என் எதிரிலேயே சொல்கிறான், ஆனால் ஆள் யாரென்று தெரியாமல் சொல்கிறான். வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்திருந்தால் என் மானம் மிஞ்சியிருக்கும். அந்தப் புகழ் போய், பெயர் தெரியாத எவனோ செத்துப்போனவன் தலையில் ஏறியிருக்கும். அதை எப்படிப் பொறுப்பேன்? அந்தச் செத்தவன்மேல்கூட எனக்குப் பொறாமை வந்துவிட்டது.

"நான்தான்" என்றேன்.

ஆர்விட் என்னைப் பார்த்தான். "ரெண்டுல எது?"

"ரெண்டும்."

டெல்பா ரிவால்வரைத் துண்டில் சுற்றினாள். ஆர்விட் கழற்றிய பழைய குழல் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான். கழற்றியதையெல்லாம் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவது அவன் வழக்கம். அவள் அதை வாங்கி என் மடியில் போட்டாள்.

திரும்பும் வழியில் முப்பது மைல் தாண்டியாயிற்று. பிறகு, "மே மாசமே ஏன் சொல்லலை?" என்றாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிடும்னு."

"எனக்குத் தெரிஞ்சிடும்னு இல்லை. அவருக்கு!" தலையில் அடித்துக்கொண்டாள். ஊர் எல்லை வந்தபோதுதான், "அப்பா அதைக் கையில எடுத்தா டிரிக்கரைத்தான் இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டிருப்பாரு" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

இரண்டே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. காப்பிக் கடையில் நுழைந்தால், "வெண்டல், என் வேலிக் கம்பம் ரொம்ப நீளமா இருக்கு, வெட்டித் தர்றியா?" என்கிறார்கள். பண்ணைக் கூட்டத்துக்கு டெல்பா என்னை அழைக்கவில்லை. ஜோலீனுக்கு மட்டும் அழைப்பு வந்தது.

நேற்று ஆர்விட் போன் செய்தான். நாற்பது வருடத்தில் முதல் தடவை. சுற்றி வளைக்கவில்லை. "என்கிட்ட ஒரு ரிவால்வர் இருக்கு. வந்து ஒரு தடவை செஞ்சு காட்டுறியா? நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன், அவ்வளவுதான்."

இந்த வாரம் தலைக்கு மேல் வேலை என்று சொன்னேன். ஒரு வேலையும் இல்லை. மேஜையில் அந்தக் குழல் துண்டை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வியாழக்கிழமை போவேன். அதுவரை அவனும் கொஞ்சம் வேகட்டும்.