வென்டலின் சமன் செய்த தடம்

வென்டலின் ட்ராக்ஸ்லுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பத்தொரு குளிர்காலம் ஒரே வேலையைத்தான் செய்தான். பனிச்சறுக்கு ஆட வந்தவர்கள் பகலெல்லாம் கிளறிப்போட்ட பனிச்சரிவை, அவர்கள் இறங்கிப் போனபின் பெரிய வண்டியில் ஏறி இழைத்து, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஆக்கிவைப்பான். பல்குத்தும் குச்சி அளவுக்கு ஒரு மேடு தெரிந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி மேலே போவான். மற்ற ஓட்டுநர்களின் சரிவைப் பார்த்து, "பன்றி மேஞ்ச இடமா இது?" என்பான். ஹின்டர்லான் மலையில் அவனுக்கு நண்பர்கள் அதிகமில்லை.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி ட்ராவ்டல் பிடிக்கும் மாவுருண்டை ஒருபக்கம் நசுங்கியிருந்தால் சூப்பில் அதை ஓரமாகத் தள்ளுவான். "உன் வண்டியை எடுத்துட்டு வந்து தட்டிக்கோ" என்பாள் அவள். முப்பது வருஷம் இவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அவ்வளவாவது சொல்ல உரிமை உண்டு.

கோடையில் அதே சரிவுகளில் சைக்கிள்காரர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களைக் கண்டாலே வென்டலினுக்கு ஆகாது. முழங்காலுக்கு ஓடு, முதுகுக்கு ஓடு, முகத்துக்கு ஓடு. சைக்கிளை ரோப்காரில் மாட்டி மேலே அனுப்பிவிட்டு, தாங்களும் சொகுசாக உட்கார்ந்து போய், அங்கிருந்து கல்லிலும் வேரிலும் விழுந்து புரண்டு கீழே வருவார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்தவன் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு பீர் குடிப்பான், அதைப் படம் வேறு எடுப்பான். "ஏறுறதுக்கு ரோப்கார், விழறதுக்கு டிக்கெட். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்குற கூட்டம்" என்பான் வென்டலின். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் அதைத்தான் சொல்வேன்.

அந்த வசந்தத்தில் புதிதாக வந்த நிர்வாகி கீடி அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். மலையில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான், வயதில் பாதியாக இருந்தாலும்.

"இனிமே வருஷம் பூரா வேலை செய்றவனுக்குத்தான் குளிர்காலத்துல வண்டி. கோடையில சைக்கிள் தடத்தைப் பார்த்துக்கோ, சாவி உன்னுது."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா வேற ஆளு."

வண்டி இல்லாத ஒரு குளிர்காலத்தை வென்டலினால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சரி என்று தலையாட்டினான்.

தடங்களை வெட்டியவள் லீனி. மேலிருந்து காட்டு வழியாக இறங்கும் கறுப்புத் தடம் அவளுடைய ஐந்து வருஷ உழைப்பு. கறுப்பு என்றால் இருப்பதிலேயே கடினம். சும்மா வந்தவன் அதில் இறங்கமாட்டான். ஜூலையில் அங்கே பந்தயம் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் லீனி தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். கீடி வென்டலினிடம், "சனிக்கிழமை பந்தயம். தடம் நல்லாத் தயாரா இருக்கணும்" என்று மட்டும் சொன்னான். தயார் என்பதற்கு இந்த மலையில் வென்டலினைவிட அர்த்தம் தெரிந்தவன் யார்?

நான்கு நாள் அவன் மாடாய் உழைத்தான். சின்னப் பொக்லைனை ஓட்டிப்போய்க் கல்லையெல்லாம் பெயர்த்தான். வேர்களின் மேல் சரளையைக் கொட்டி இடித்தான். குதிப்பதற்காக லீனி எழுப்பிய மேடுகளை வெட்டி, பள்ளங்களை அதே மண்ணால் நிரப்பினான். பெயர்த்த கற்களைக்கூடப் போட்டது போட்டபடி விடவில்லை. ரோப்கார் நிலையத்துக்குப் பின்னால் அளவுவாரியாக அடுக்கிவைத்தான். வேலை முடிந்த அன்றுதான், அந்தக் கோடையில் முதல்முறையாகச் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வியாழன் மதியம் லீனி திரும்பி வந்து தடத்தில் சைக்கிளை விட்டாள். பிரேக்கைத் தொடாமலே கீழே வந்து சேர்ந்தாள்.

"எங்க?" என்றாள், கீழே நின்ற வென்டலினிடம்.

"எது?"

"தடம்யா, தடம்!"

"இப்ப அதுலதானே வந்தே?"

"நான் வந்தது தள்ளுவண்டியில குழந்தையை வெச்சுத் தள்ளிட்டுப் போற ரோடு!"

"நன்றி" என்றான் வென்டலின். அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பாராட்டு என்றுதான் நினைத்தான்.

சத்தம் கேட்டுக் கீடி ஓடிவந்தான். விஷயம் புரிந்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "இருநூறு பேர் வர்றாங்கடா!"

"விழறதுக்கா?"

"ஆமா! விழறதுக்குத்தான்! சனிக்கிழமை பந்தயம் நடக்கலைன்னா வண்டியை நீ மறந்துடு."

லீனி கல்குவியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கல்லையும் அவள் கண்ணளவில் பார்த்துப் பார்த்து வைத்தவள். காகிதத்தில் ஒரு கோடுகூடப் போட்டுவைத்ததில்லை. "எது எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியலையே" என்றாள். அழுகிற குரல்.

வென்டலினுக்கு வண்டிச் சாவி கண்முன்னால் வந்து போனது.

"அந்த நீள மூக்குக் கல்லு மூணாவது வளைவு, உள்பக்கம்" என்றான். "மூக்கு மேலாப்புல. அதுக்கு ரெண்டு சாண் கீழ இந்தச் சப்பைக் கல்லு. இந்த மூணும் ஊசியிலை மரத்துக்கு அப்புறம், ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு."

லீனி வாயைப் பிளந்தாள். வேண்டியவன் முகம் மறந்தாலும் வேண்டாதவன் முகம் மறக்குமா? ஒவ்வொரு கல்லையும் மனதாரத் திட்டிக்கொண்டே பெயர்த்தவன் அவன். எந்த மேடு இடுப்பு உயரம், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது, எல்லாம் சொன்னான். இரண்டு நாளில் தடத்தைப் பழையபடி கெடுத்துவைத்தார்கள்.

சனிக்கிழமை மூன்றாவது வளைவில் மட்டும் பதினான்கு பேர் விழுந்தார்கள். ஒருவன் வாயில் மண்ணோடு எழுந்து, "அடடா, என்ன தடம்!" என்றான். வென்டலின் ஓரமாக நின்று காறித் துப்பினான். அப்போது ஒருத்தி மூக்குக் கல்லை உரசாமல் வழுக்கிக்கொண்டு போய்விட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது.

"அதை ஒரு சாண் இடதுபக்கம் தள்ளி வெச்சிருக்கணும்" என்று முணுமுணுத்தான். பக்கத்தில் நின்ற லீனி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை கீடி சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். "வண்டி உனக்குத்தான்." வென்டலின் சாவியை நோக்கிக் கை நீட்டினான். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கீடி தொடர்ந்தான்.

"சரிவை இழைக்கிற வேலையை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. மேல பனியிலயே குதிக்கிறவங்களுக்குன்னு ஒரு இடம் பண்றோம். முழுக்க மேடும் பள்ளமும்தான். லீனி சொல்றா, அதுக்கு உன்னைவிட்டா ஆள் கிடையாதாம்."

முப்பத்தொரு வருஷம் மேட்டைக் கண்டால் காறித் துப்பியவன். அந்தச் சாவியைக் கீடியின் மூஞ்சியில் விட்டெறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் நானே அவனுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்திருப்பேன். எறியவில்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அதைவிடக் கேவலம், எத்தனை மேடு, எவ்வளவு உயரம் என்று கேட்டான். கேட்கும்போதே கை இடுப்புக்கு மேலே உயர்ந்து அளவு காட்டிக்கொண்டிருந்தது.