மஞ்சள் வராத இடம்

கொல்கத்தாவில், சால்ட் லேக் பகுதியில் உள்ள என் அலுவலகத்தில் நாளெல்லாம் ஆபரேஷன் வீடியோ பார்ப்போம். உணவுக்குழாய்ப் புற்றுநோயை ரோபோ கைகளால் அகற்றும் வீடியோக்கள். அந்தக் குழாயை ஒட்டிக் குரலுக்கான நரம்பு நூல்போல ஓடும். ஒவ்வொரு படத்திலும் அதன்மேல் மஞ்சள் பூசுவது எங்கள் வேலை. பூசிய படங்களைப் பார்த்துப் பார்த்து மென்பொருள் நரம்பைத் தானே கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு ஆபரேஷன் நடக்கும்போதே டாக்டரின் திரையில் மஞ்சள் காட்டும்.

ஒரே படத்தை மூன்று பேர் தனித்தனியாகப் பூசுவோம். மூவரும் ஒத்துப்போகாவிட்டால் அது ‘ஒதுக்கியவை’ என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். மென்பொருள் அதைப் பார்க்காது. ரத்தம் மறைத்தவை, புகை மூடியவை, கதிர்வீச்சு சிகிச்சையால் உள்ளே தழும்பேறி எது எதுவென்று பிரியாதவை எல்லாம் அங்கே போயின. அந்த விதியை எழுதியவள் நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அப்பாவுக்குச் சாப்பாடு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. முதலில் சோறு, பிறகு இட்லி, கடைசியில் ரசம்கூட. உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. வாரக்கணக்கில் கதிர்வீச்சு கொடுத்து முடித்ததும், அடுத்தது ஆபரேஷன் என்றார்கள். அப்பா முடியாது என்றுவிட்டார். வலிக்குப் பயந்து அல்ல, குரலுக்குப் பயந்து. பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலிகஞ்ச் வீட்டிலிருந்து தினமும் கரியாஹாட் சந்தைக்குப் போய்க் காய்க்காரர்களோடு வங்க மொழியில் சண்டை போடுவதுதான் அவருடைய நாள்.

ஆபரேஷன் செய்ய இருந்த டாக்டர் அவர் மனத்தை மாற்ற ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். திரையில் மஞ்சள் கோடு மின்னியது. எங்கள் மஞ்சள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“அப்பா, இது நாங்க பூசினது” என்றேன்.

“நீ போட்டதா? அப்ப சரி. பண்ணிக்கறேன்.”

அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாங்கள் காகிமா என்று கூப்பிடும் மாடி வீட்டு வங்காளி மாமி படிக்கட்டில் மறித்து அவர் மொழியில் கேட்டார்: “அப்பாவை உன் ரோபோகிட்ட ஒப்படைக்கப் போறியாமே? அப்படியே அதுக்கு மீன்குழம்பும் கத்துக்கொடு, நான் வாங்கிக்கறேன்.”

நான் சிரித்தேன். அவரைத் தாண்டி இரண்டு படி ஏறிய பிறகுதான் உறைத்தது. அப்பாவின் நெஞ்சும் கதிர்வீச்சு பட்டது. நான் ஒதுக்கிய வகை.

பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். ஒன்று, அப்பாவிடம் சொல்வது: மறுபடியும் ஆபரேஷன் வேண்டாம் என்பார், நோய் வளரும். இரண்டு, சொல்லாமல் இருப்பது: என்னை நம்பி, இல்லாத ஒன்றை நம்பிப் படுப்பார். அலுவலக விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மூன்று என்று எண் போட்டேன். எதிரே எழுத எதுவும் இல்லை. எட்டு நாள் அந்தத் தாள் பையிலேயே கிடந்தது. அப்பா ஒவ்வொரு நாளும் இன்னும் ஒருவரிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்படியென்றால், மஞ்சள் வராத இடத்தில் நரம்பு இல்லை என்று நான் நினைத்துவிடக் கூடாது. அதுதானே?”

“ஆமாம், டாக்டர்.”

“எனக்கு இது போதும். நான் என் கண்ணைத்தான் நம்புவேன். உன் அப்பா எதை நம்பிச் சம்மதித்தார்?”

“என்னை நம்பி, டாக்டர்.”

“அவரிடம் சொல். நீதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமல் நான் தொட மாட்டேன்.”

வார்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்த மஞ்சள் உங்களுக்குச் சரியா வராமப் போகலாம்.”

“ஏன்?”

“உங்கள மாதிரி கேஸ் எல்லாம் நாங்க அதுக்குக் காட்டவே இல்ல. குழப்பமா இருக்குன்னு ஒதுக்கி வச்சுட்டோம்.”

“யார் ஒதுக்கினது?”

“நான்தான்.”

பேப்பரை மடித்தார். மடிப்பு சரியாக வரும்வரை மடித்தார். “பேங்க்ல நாங்களும் அப்படித்தான். சிக்கலான ஃபைல அடியில வச்சுடுவோம், டிரான்ஸ்ஃபர் வர்ற வரைக்கும்.” சிரிக்கப் போய் இருமினார். “டாக்டருக்குக் கண்ணாவது நல்லாத் தெரியுமா?”

“கண்ணாடி போட்டிருக்கார்.”

“போடாம இருந்தாத்தான் பயம். அந்த ஃபாரத்த எடு. மொதல்லேர்ந்து படி.”

ஏற்கெனவே படிக்காமலே கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் அது. அடித்துவிட்டுப் புதிது கேட்டு வாங்கினார். நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். குரல் கம்மலாம், திரும்பாமலும் போகலாம் என்ற வரியில் நின்றேன். (கம்மத்தான் செய்தது. சந்தையில் கத்தும் அளவுக்குத் திரும்ப நான்கு மாதம் ஆனது. அன்று அது எங்கள் இருவருக்கும் தெரியாது.)

“படி” என்றார்.

படித்து முடித்தேன். பேங்கில் போட்ட அதே கையெழுத்தைப் போட்டார், அடியில் இரண்டு கோடு. பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பி, சாட்சி என்ற இடத்தில் விரலை வைத்துப் பேனாவை நீட்டினார்.

“நர்ஸ் போடுவாங்கப்பா.”

“நர்ஸுக்கு என்ன தெரியும்? நீ போடு.”

விரலை அவர் எடுக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில் என் பெயரை எழுதினேன்.