மாமா திருடிய வேகம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து என் மாமா வேகத்தைத் திருடிக்கொண்டு போகிறார் என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பினேன். நிற்கிற லாரியின் டேங்கில் குழாயை விட்டு டீசலை உறிஞ்சுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. பெட்டியின் பின்பக்கம் எதையோ மாட்டி, எங்கள் வேகத்தை உறிஞ்சிப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல அம்மா போட்ட சோற்றையும் தின்றுவிட்டுப் போகிறார். அப்போது எனக்கு வயது பதினான்கு. ஏழு வயதுப் பிள்ளை நம்பியிருந்தால் கன்னத்தைக் கிள்ளலாம். பதினான்கில் இதை நம்புவதற்குத் தனித்திறமை வேண்டும்.

அந்தத் திறமை அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி மண்டி. விடியுமுன் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறிவிடுவார். பெட்டியின் மேல்வரிசைத் தக்காளியைப் பார்த்து விலை சொல்லக்கூடாது என்பது அவர் தொழில் பாடம். நாளடைவில் அதுவே குணமாகிவிட்டது. கல்யாண வீட்டில் லட்டு கொடுத்தால்கூட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, கம்ப்யூட்டர் இல்லாமல் படிக்கவே முடியாது என்று வீட்டில் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். படிப்பு என்று வாய் சொல்லும்போதெல்லாம் மனதுக்குள் ரேஸ் கேமின் சிவப்புக் கார் ஒன்று பறக்கும். கடைசியில் அப்பா இறங்கிவந்தார். முழுசாக வாங்காமல் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று யோசனை சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. ஹார்டுவேர் படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். எங்கள் பெட்டிதான் அவருடைய முதல் வேலை. இது ஒழுங்காக ஓடினால் தங்களுக்கும் கணக்கு எழுத ஒன்று செய்துதரச் சொல்லி மண்டிக்காரர்கள் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஆகவே எங்கள் வீட்டு மேசைமேல் உட்காரப்போவது மாமாவின் பிழைப்பு. எனக்கோ அது சிவப்புக் கார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் ஒரு கடை. கடைக்காரர் பழனிப் பக்கத்து ஆள், பேச்சில் அத்தனை மரியாதை. அந்த மரியாதையே அப்பாவுக்குச் சந்தேகமாக இருந்தது. காலி கேபினட்டைத் தூக்கிப் பார்த்து, "கனமே இல்லையே, உள்ள ஒண்ணும் வைக்கலையா?" என்றார். ராமை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கைக் காதோரம் வைத்து இளநீரைப்போல ஆட்டப் போனார். கடைக்காரர் பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு வந்தது. அது இல்லாவிட்டால் சிவப்புக் கார் இல்லை.

"இது என்னத்துக்கு?" என்றார் அப்பா.

மாமா கண்ணே சிமிட்டவில்லை. "சயின்ஸ் பாடத்துல இதயம் இருக்குல்ல மச்சான், இது இருந்தா இதயத்தச் சுத்திச் சுத்திக் காட்டும்."

"இதயத்த எதுக்கு மாப்ள சுத்தணும்?"

"பின்பக்கம் தெரியணும்ல."

அப்பா யோசித்தார். பின்பக்கத்தைப் பார்ப்பது என்பது அவருக்குப் பிடித்த கொள்கை. "அதுவும் சரித்தேன்," என்று சொல்லிவிட்டார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கண்ணடிப்பு நெஞ்சுக்குள் விதையாக விழுந்துவிட்டது. அப்பாவிடம் இம்புட்டு அழகாகப் பொய் சொல்கிறவர் என்னிடம் மட்டும் சொல்லமாட்டாரா?

எல்லாம் எடுத்து வைத்த பிறகு அப்பா சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தார். லாரியில் போகும் பெட்டி வழியில் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு மண்டிக்கும் ஒரு குறி உண்டு. எங்கள் குறி வட்டத்துக்குள் சிலுவை. அதை மதர்போர்டிலிருந்து போடத் தொடங்கிவிட்டார்.

"ஏனுங்க, ஏனுங்க! பார்ட்ஸ் மேல எழுதாதீங்க, வாரண்டி போயிருமுங்க!"

"நாங்க வருசமெல்லாம் எழுதுறோம், தக்காளி அழுகியா போச்சு?"

மாமா நடுவில் புகுந்து, ஓரமாகச் சின்னதாகப் போடலாம் என்று சமாதானம் செய்தார். அப்படி எங்கள் கம்ப்யூட்டர் உறுப்பு உறுப்பாக மண்டி முத்திரை வாங்கிக்கொண்டு வீடு வந்தது.

மாமா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மாட்டினார். இடையில் பிளக் போர்டு வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது அம்மாவும் மாமாவும் பெட்டியின் பின்னால் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா விரலை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியாத அம்மாவிடம் பின்பக்கத்தில் என்ன ரகசியம்? அந்த இரண்டாவது விதையும் நல்ல மண்ணில்தான் விழுந்தது.

கடைசியாக மாமா பக்கவாட்டு ஸ்குரூவின் மேல் கடைக்காரர் கொடுத்த ஸ்டிக்கரை ஒட்டினார். இது கிழிந்தால் எந்தப் பாகத்துக்கும் வாரண்டி கிடையாது, யாரும் கை வைக்கக்கூடாது என்றார்.

சில வாரம் சொர்க்கம். சிவப்புக் கார் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அப்பா பின்னால் வந்து நின்றால் இதயத்தைத் திறந்து சுற்றிக் காட்டுவேன். "நல்லாச் சுத்துது," என்று திருப்தியாகப் போய்விடுவார். அம்மா மட்டும் அந்த இதயத்தைப் பார்த்ததில்லை. என்னைத்தான் பார்ப்பாள்.

அரைப்பரீட்சை நெருங்கியது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தால், கார் நகரவில்லை. நகரவில்லை என்றால், நகர்ந்தது. நொண்டி மாட்டைக் கயிறு கட்டி இழுப்பதுபோல ஒரு தாவல், ஒரு நிற்பு. அடுப்படிக்கு ஓடினேன்.

"யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"மாமா வந்தான். மத்தியானம் சாப்ட்டுப் போனான். ஏன்?"

போதாதா? கார்டைக் கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார், அல்லது கார்டை விட்டுவிட்டு அதன் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இதில் இரண்டாவதுதான் அன்றைக்கு எனக்கு அதிக நியாயமாகத் தோன்றியது, ஏனென்றால் ஸ்டிக்கர் கிழியவில்லை. டார்ச் அடித்துக் காற்றுத் துளைகள் வழியாகப் பார்த்தேன். ஃபேன்தான் தெரிந்தது. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். அப்பாவைப்போல மோந்தும் பார்த்தேன். கோயிலுக்குப் போய், தொலைந்த பொருளைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பிலிருக்கும் புனிதரின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, "வேகம் தொலஞ்சு போச்சு," என்று மனு கொடுத்தேன். அவருக்கு வாழ்நாளில் இப்படியொரு விண்ணப்பம் வந்திருக்காது.

அதே வாரத்தில் மாமா எங்கள் வீட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பியதைத் தெருமுனையில் பிடித்தேன். அளவு கார்டுக்கு மிகச் சரியாக இருந்தது.

"என்ன மாமா அது?"

"அக்கா சோத்துக்கு வெஞ்சனம் குடுத்துவிட்டா மருமகனே. என்ன, முழிக்கிற?"

கருவாட்டு வாடை ஆளைத் தூக்கியது. வாடையைப் போட்டு மறைக்கிறார், பெரிய கைகாரர், என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது போட்டு உடைத்தேன். மாமா கார்டைத் திருடிவிட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் நாக்கு குழறி, "இதயம் சுத்தலப்பா," என்று அழுதுவிட்டேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே மீதியையும் சொன்னேன்.

மாமா பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டில் கையைக் கழுவினார். "கூடையக் கொட்டிப் பாத்துருவோம். அம்புட்டுத்தேன் மாப்ள, தப்பா நெனைக்காத."

"தெறந்தா வாரண்டி போயிரும் மச்சான்."

"பேரு போறதுக்கு வாரண்டி போகட்டும்."

மாமா தன் கையால் ஒட்டிய ஸ்டிக்கரைத் தன் நகத்தாலேயே கிழித்தார். பக்கத் தகடு கழன்றது. கார்டு அதன் இடத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் வட்டம், வட்டத்துக்குள் சிலுவை. எங்கள் மண்டிப் பொருள்தான், சந்தேகமே இல்லை. மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "குறியைப் பாத்து இன்னொண்ணுல வரஞ்சிருந்தா?" என்று கேட்டேன். அப்பா கையை ஓங்கியதால் அந்த விசாரணை அத்தோடு நின்றது.

"அப்பறம் ஏன் திக்குது?" என்றார் அப்பா.

மாமா பெட்டியின் பின்னால் போய்க் குனிந்தார். மெல்ல நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்த ரசத்துக்கு அத்தனை கலக்கல் தேவையில்லை.

"தூசி மச்சான்," என்றார் மாமா. வாயால் ஓங்கி ஊதினார், கையை விட்டு ஏதோ செய்தார். கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் கார் வழுக்கிக்கொண்டு பறந்தது.

"தூசிக்கா இம்புட்டு ஆட்டம்?"

"இந்த மாதிரிப் பெட்டி அப்புடித்தேன் மச்சான், தூசி ஆகாது."

அப்பா ஒளித்துப் பேசத் தெரியாதவர். மார்க்கெட்டில் விசாரித்தவர்களிடம், பையன் கைசுத்தம், ஆனால் பெட்டி தூசிக்குத் தாங்காது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். மண்டியில் தூசிக்கா பஞ்சம்? கேட்டிருந்த இருவரில் ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். மாமா அதற்குப் பிறகும் தூசி என்றே சொல்லிவந்தார்.

நான் தூசியின் பரம விரோதியானேன். திங்கட்கிழமையே கார் மறுபடி நொண்டியது. ஊதினேன், துடைத்தேன், தலை சுற்றும்வரை ஊதினேன். பரீட்சை முடிந்த அன்று தானாகச் சரியாயிற்று. முழுப்பரீட்சைக்கு முன்னால் மறுபடி நொண்டியது. அது பங்குனிக் காற்று என்று நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் ஏறக்குறைய வருடம் முழுக்கத் தூசி. வேறு வேலை இல்லாததால் படித்துத் தொலைத்தேன். அம்மாவும் பாவம், துணியை எடுத்துக்கொண்டு தினமும் பெட்டியின் பின்பக்கத்தைத் துடைப்பாள். அவள் துடைக்கத் துடைக்கத் தூசி ஏறியது.

நான் வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்து, அந்தப் பழைய பெட்டியை இரும்புக் கடைக்குப் போடலாம் என்று எடுத்தபோது மாமா பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மானிட்டர் வயரைச் சொருக மேலே ஒரு இடம், கீழே கார்டில் ஒரு இடம். இரண்டிலும் படம் வரும். அன்று நான் பிளக் போர்டு வாங்கப் போயிருந்தபோது அவர் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "வயரு கீழ இருந்தாத்தான் கார்டு வேலை செய்யும் அக்கா. மேல சொருகுனா படிக்கலாம், விளையாட முடியாது. துடைக்கும்போது மாத்திச் சொருகிராத."

அம்மா மாற்றிச் சொருகினாள்.